குறட்டை விடுற பக் நாய்... க்யூட்டா, கஷ்டமா?

ரீல்ஸ்ல ஒரு பக் நாய் குறட்டை விட்டுத் தூங்குது. 'ஐயோ, செம க்யூட்!'னு உடனே ஹார்ட் போடுறீங்க. உங்க மேல தப்பில்லை, மூளை அப்படி!

பெரிய தலை, உருண்டைக் கண்கள், உப்பிய கன்னம், குட்டி மூக்கு... இந்த அம்சங்களைப் பார்த்தாலே நமக்குப் பராமரிக்கத் தோணும் என்று 1943-லேயே எழுதினார், ஆஸ்திரிய விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ். மனிதக் குழந்தையால பல வருஷத்துக்குத் தனியாகப் பிழைக்க முடியாது. அதனால, அந்த முகத்தைப் பார்த்ததும் தூக்கிக் கொஞ்சத் தோணுது. ஆனா, முகம் குழந்தையோடதா, நாயோடதான்னு மூளை ரொம்ப யோசிக்கிறதில்லை.

அதே அம்சங்கள் பக் முகத்துலயும் இருக்கு. (பழைய ஹட்ச் விளம்பர நாய் ஞாபகம் இருக்கா? அதேதான்!) தட்டை முகம் வேணும்னு தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செஞ்சதுல, முக எலும்பு குட்டையாகிடுச்சு. உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குக் குறையலை. மூக்குத் துவாரம் குறுகி, மேலண்ணத்தின் பின்பகுதி தொண்டைக்குள்ள தொங்கி மூச்சுப்பாதையை அடைக்குது. அந்தக் குறட்டை பெரும்பாலும் இதனாலதான். நாய்கள் மூச்சிரைச்சுத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். மூச்சே திணறினா, மே மாச வெயிலை எப்படித் தாங்கும்?

ஏற்கெனவே பக் வளர்க்கிறீங்களா? மதிய வெயில்ல வாக்கிங் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலா ஹார்னஸ் போடுங்க. எடை ஏற விடாதீங்க. முழிச்சிருக்கும்போதே கர்... கர்னு சத்தம் வந்தா, வீடியோ எடுங்க. ரீல்ஸுக்கு இல்லை, கால்நடை மருத்துவர்கிட்ட காட்ட!