முதலில் வேலை, அதனுடனே பயிற்சி

உழைத்து ஊதியம் பெறும் விருப்பம் உடல்நலமும் உளநலமும் உள்ளவர்க்கு மட்டும் உரியதன்று. கடுமையான மனநோய்க்கு ஆளானோரிலும் பலர் வேலை செய்யவே விரும்புகின்றனர். ஆயினும், அவர்களை வேலையில் அமர்த்தும் வகையைப் பற்றி மேல்நாடுகளிலே நெடுங்காலம் ஒரு கருத்தே மேலோங்கி நின்றது. முதலிலே பயிற்சி, பின்னரே வேலை என்பது அக்கருத்து. நோயாளர் பலர் தமக்கென அமைந்த தொழிற்கூடங்களிலே பொதி கட்டுதல் போன்ற எளிய வேலைகளில் ஆண்டுக்கணக்காகப் பழகினர். தகுதி வந்ததும் வெளியே செல்லலாம் என்றனர். அந்த நாள் பலருக்கு வந்ததேயில்லை.

அவசரப்பட்டு வேலைக்கு அனுப்பினால் நோய் திரும்பிவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அன்பினால் எழுந்த அச்சந்தான் அது. ஆனால், அது மெய்யா என்று அளந்து பார்த்தவர் மிகச் சிலரே.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் றொபேட் டிரேக் என்னும் மனநோய் வைத்தியரும் டெபோரா பெக்கர் என்னும் புனர்வாழ்வு வல்லுநரும் இந்த ஒழுங்கை மாற்றியமைத்தனர். வேலை வேண்டுமென்று கேட்பவர் எவராயினும் ஏற்றுக்கொள்ளப்படுவார். அவர் விரும்பும் தொழில் காலந்தாழ்த்தாது தேடப்படும். ஏனையோர் பெறும் அதே ஊதியமே அவருக்கும் உரியது. தேவையான பயிற்சியை வேலைத்தலத்திலேயே பெறுவார். வேலை தேடித்தருபவரும் வைத்தியரும் ஒரே குழுவாய் நின்று, வேலை கிடைத்த பின்னரும் துணை செய்வர்.

இம்முறை சிறந்ததோ என்று அறிய 143 பேர் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஆளைப் பார்த்துப் பிரித்தால் திறமைசாலிகள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவர். கிடைக்கும் வெற்றி முறையினுடையதா, ஆளினுடையதா என்று தெரியாது. சீட்டோ முகம் பார்ப்பதில்லை. முடிவு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழுவாகப் பயிற்சி பெற்றுப் பின் வேலை தேடியோரில் நூற்றுக்கு 40 பேரே வெளியுலகில் வேலை பெற்றனர். புதிய முறையிற் சென்றோரில் 78 பேர் பெற்றனர்.

ஓரிடத்து முடிவு பிற நாடுகளுக்கும் பொருந்துமா? இலண்டன், ஊல்ம், றிமினி, சூரிச், குறோனிங்கன், சோபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2007இல் வெளியாயிற்று. பதினெட்டு மாதங்களில் ஒரு நாளேனும் வேலை செய்தவர்கள் பழைய முறையில் நூற்றுக்கு 28 பேர். புதிய முறையில் 55 பேர். மீண்டும் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோர் பழைய முறையில் 31 பேர். புதிய முறையில் 20 பேரே. வேலை நோயைத் திரும்ப அழைக்கும் என்ற அச்சத்துக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கிடைத்த வேலையில் எல்லோரும் நிலைத்தனர் அல்லர். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த இடங்களிற் பயன் குறைந்தது. எனினும், ஓர் உண்மை தெளிவாகின்றது. வேலை கேட்டு வருபவரிடம் "இன்னுஞ் சிறிது காலம் பொறும்" என்று சொல்பவர், அந்தத் தாமதம் அவருக்கு நன்மை தரும் என்பதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவராவார்.