பல்கோணிகளின் பாகுபாடு

நேர்கோடுகளால் அடைபட்ட தளவுருவங்களைப் பல்கோணிகள் என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். பக்கங்களை எண்ணிப் பெயரிடுதல் எளிது. மூன்றாயின் முக்கோணி, நான்காயின் நாற்பக்கல், ஐந்தாயின் ஐங்கோணி எனச் சிறுவரும் கூறுவர். பக்கங்கள் எத்தனையோ கோணங்களும் அத்தனையே ஆதலின், சில பெயர்கள் பக்கத்தையும் சில கோணத்தையும் சுட்டி நிற்பதனால் இடர்ப்பாடு யாதுமில்லை. இடர்ப்பாடு அடுத்த படியிலேயே தோன்றுகின்றது. ஓருருவத்தின் இனத்தைத் துணிதற்குப் பக்கவளவு ஒன்றே அமையுமோ, கோணவளவும் வேண்டுமோ என்பதே வினா.

முக்கோணிக்குப் பக்கவளவே அமையும். பக்கங்கள் மூன்றின் நீளங்களும் தரப்படின் கோணங்கள் மூன்றும் தாமே நிலைபெற்றுவிடுகின்றன. 3, 4, 5 அலகுப் பக்கங்களையுடைய முக்கோணியில் ஒரு கோணம் செங்கோணமாகவே இருத்தல் வேண்டும். பக்கங்கள் மூன்றும் சமமாயின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகையாகும். கோணங்கள் சமமாயின் பக்கங்களும் சமமாகும். ஆதலின் சமபக்க முக்கோணியொன்று விரிகோண முக்கோணியாதல் ஒருகாலும் இல்லை.

நாற்பக்கலின் இயல்பு வேறு. சமநீளமுள்ள நான்கு சட்டங்களை முனைகளில் ஆணியிட்டுப் பிணைத்துச் சற்றே தள்ளினால், சதுரம் சரிந்து சாய்சதுரமாகின்றது. படலைக்குக் குறுக்குச் சட்டம் அடிக்கும் தச்சன் இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்தவன். அச்சட்டம் நாற்பக்கலை இரு முக்கோணிகளாக்கி நிறுத்துகின்றது. பக்கம் ஒவ்வொன்றும் 25 அலகாயின், சதுரத்தின் பரப்பு 625 சதுர அலகு. அதே பக்கங்களோடு மூலைவிட்டங்கள் 30, 40 ஆயின் பரப்பு 600. 14, 48 ஆயின் 336 மட்டுமே. நாற்பக்கலின் பக்கங்களை மாத்திரம் கூறிப் பரப்பை வினாவுதல் பொருந்தாதென்பதைப் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில் வன்மையாகவே கண்டித்துள்ளார். அக்கண்டனம் இன்றைய வினாத்தாள்கள் சிலவற்றுக்கும் ஏற்புடையது.

இங்ஙனம் பக்கம், கோணம் ஆகிய இரண்டையும் நோக்கிப் பகுக்கும்போது மற்றொரு வினா எழுகின்றது. சதுரம் ஒரு செவ்வகமாகுமா? இயூக்கிளிட்டு தமது கேத்திரகணித நூலின் முதற் புத்தகத்தில், செங்கோணங்கள் இருந்தும் பக்கங்கள் யாவும் சமமாகாததே செவ்வகம் என்றும், பக்கங்கள் சமமாயிருந்தும் கோணங்கள் செங்கோணமாகாததே சாய்சதுரம் என்றும் வரையறுத்தார். அவ்வரையறையின்படி சதுரம் இரண்டிலும் சேராது. எனினும் தேற்றங்களை நிறுவுமிடத்து அவரே அப்பிரிவினையைக் கைவிட்டு, இணைகரங்கள் யாவற்றுக்கும் பொதுவாகவே பேசுகின்றார். அதுவே தக்க வழி. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடும். செவ்வகத்தில் அவை நீளத்திலும் சமமாகும். சாய்சதுரத்தில் செங்குத்தாக வெட்டும். சதுரத்தை இம்மூன்றனுள்ளும் அடக்கிக் கொண்டால் இப்பண்புகள் யாவும் அதற்கு மீள நிறுவாமலே உரியனவாகின்றன. விலக்கி வைப்பின் ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுவல் வேண்டும்.

ஒழுங்கான பல்கோணிக்குப் பக்கச் சமத்துவம், கோணச் சமத்துவம் ஆகிய இரண்டும் வேண்டுமென்பதும் இதனாற் புலனாகும். சாய்சதுரத்துக்கு முன்னது மட்டுமே உண்டு. செவ்வகத்துக்குப் பொதுவாகப் பின்னது மட்டுமே உண்டு. 10 அலகுப் பக்கமுள்ள சமபக்க முக்கோணியொன்றின் மூலைகளிலிருந்து 1, 2, 3 அலகுப் பக்கங்களையுடைய சமபக்க முக்கோணிகளை வெட்டி நீக்கினால் எஞ்சுவது ஓர் அறுகோணி. அதன் கோணங்கள் யாவும் 120 பாகை. பக்கங்களோ 1, 7, 2, 5, 3, 6 அலகுகள்.

அறுகோணி என்றவுடன் தேன்கூட்டின் அறையையே மாணவர் பலர் நினைவு கூர்வர். தச்சரின் மூலைமட்டத்தின் வெளிவரையும் அறுகோணியே என்றால் வியப்புறுவர். அதன் பக்கங்களை எண்ணினால் ஆறு. கோணங்களுள் ஐந்து செங்கோணங்கள். உள்மூலையில் அமைந்த எஞ்சியது 270 பாகையுள்ள பின்வளைகோணம். ஆறனையும் கூட்டினால் வருவது 720 பாகை. தேன்கூட்டு அறையின் 120 பாகைக் கோணங்கள் ஆறும் தரும் கூட்டுத்தொகையும் அதுவே.