முதுகில் வண்ணமில்லாத பொம்மைகள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்துச் சுடுமண் பொம்மைகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. முன்புறம் விக்டோரியா மகாராணியோ இத்தாலிய வீரர் கரிபால்டியோ சிவந்த கன்னமும் நீல அங்கியுமாக நிற்பார்கள். பின்புறம் வெறும் வெள்ளைத் தட்டை. கணப்படுப்பின் மேற்பலகையில் சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே செய்தவை இவை; சுவர் மட்டும் பார்க்கும் முதுகுக்கு வண்ணம் எதற்கு? அந்தச் சிக்கனத்தால்தான் 1840களிலிருந்து சாதாரணத் தொழிலாளி வீட்டுக்குள்ளும் சிலைகள் நுழைந்தன.

பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அப்படியானால் வயதை எப்படி அறிவது? பொம்மையின் உட்புறம் சொல்லும்.

அன்றைய தொழிலாளி களிமண்ணைத் தகடாகத் தட்டி, பிளாஸ்டர் அச்சின் பாதிகளில் விரலால் அழுத்தி, பிறகு பாதிகளை ஒன்றாகச் சேர்ப்பார். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சியதும் மண் சற்றே சுருங்கி, அச்சிலிருந்து தானாகக் கழலும். இப்படிச் செய்ததில் சுவர் தடிப்பாக இருக்கும். வெளியே மூக்கும் உடை மடிப்பும் தெரிந்தாலும் உள்ளே அவற்றின் சாயல் அவ்வளவாக இருக்காது. அடைபட்ட காற்று சூளையில் விரிந்து பொம்மையை உடைத்துவிடாதிருக்க ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். இந்த வேலையில் சிறுவர்களும் இருந்தார்கள். 1840களின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளர் நிலையை விசாரித்த அரசு ஆணையம் அவர்களின் வாக்குமூலங்களைப் பதிந்திருக்கிறது. இந்தப் பொம்மைகளின் அழகைப் பேசும்போது அந்தப் பிஞ்சு விரல்களை மறப்பது நியாயமல்ல.

20ஆம் நூற்றாண்டு நகல்களில் பெரும்பாலானவை வேறு விதம். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை இழுக்க, அச்சின் சுவரெங்கும் ஒரே கனத்தில் மண் படியும்; மிச்சக் கூழை வடித்துவிடுவார்கள். ஆகவே வெளியே மேடான இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். எடை குறைவு, துளை பெரிது.

தங்கப் பூச்சும் காலம் காட்டும். பழைய முறையில் தங்கத்தைப் பூசிச் சுட்ட பிறகு தேய்த்துத் தேய்த்து ஒளியேற்ற வேண்டும். அந்த ஒளி மென்மையானது. 1880கள் வாக்கில் பரவிய திரவத் தங்கம் சூளையிலிருந்து வரும்போதே பளபளக்கும். மேற்பூச்சிலுள்ள வலைவிரிசலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மண்ணும் கண்ணாடிப் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதாலும், மண் மெல்ல ஈரம் குடித்து உப்புவதாலும் வருவது அது. போலி செய்பவர்களாலும் அதை வரவழைக்க முடியும். உடல் முழுக்க ஒரே சீராக, கறை ஏறித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இவற்றை நான் வரலாற்று ஆவணமாகவே மதிக்கிறேன். போர், கொலை வழக்கு, சர்க்கஸ் என ஊர் எதைப் பேசியதோ அது மண்ணில் வந்தது. தட்டை முதுகுக் காலத்துக்கும் முன்னால், 1820களை ஒட்டி வந்த ஒரு பொம்மையில் புலி ஒரு வெள்ளைக்காரரின் தலையைக் கவ்வுகிறது. அவர் 1792இல் வங்காளத்தின் சாகர் தீவில் புலிக்கு இரையான ஹியூ மன்றோ. தந்தை ஹெக்டர் மன்றோ, 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கியபோது, துணைக்குப் போகாமல் சென்னைக்குப் பின்வாங்கிய தளபதி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட திப்புவின் மர இயந்திரப் புலியை லண்டன் மக்கள் 1808 முதல் பார்த்து வந்தார்கள். அதன் சாயல் இந்தப் பொம்மையில் தெரிகிறது.

மரப் புலியும் மண் புலியும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் முதலாவதோடு திரும்பிவிடாமல் இரண்டையும் பார்த்து வாருங்கள்.