ஒரே கலனில் இரண்டு கணக்கு

சரக்கு எதுவானாலும் வியாபாரியின் கேள்வி ஒன்றுதான்: போட்ட முதல் எப்போது திரும்பும்? மதுபானத் தொழிலில் இதற்கு நேர் எதிரான இரண்டு விடைகள் உண்டு. ஒன்று ஜின், மற்றது விஸ்கி. குடிக்கச் சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அத்தொழிலின் முதலீட்டுக் கணக்கு, எந்தக் கடைக்காரரும் அறிந்துகொள்ளத் தக்கது.

ஜின் தயாரிக்க, மணமற்ற சுத்தமான எரிசாராயத்தில் ஜூனிபர் காய்களையும் பிற வாசனைச் சரக்குகளையும் போட்டு மறுபடி வடிக்கிறார்கள். ஜூனிபருக்கு அடுத்தபடியாக அதிகம் சேர்வது நம் மளிகைக் கடைகளில் இருக்கும் அதே கொத்தமல்லி விதை! ஏலக்காய், எலுமிச்சைத் தோல் ஆகியவையும் சேர்வதுண்டு. முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்துத் தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். சில வாரங்களில் சரக்கு கடைக்கு வந்துவிடும்.

இது சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘லண்டன் ஜின்’ என்று பெயரிட்டால், வடித்த பிறகு மணமோ நிறமோ சேர்க்கச் சட்டம் இடம் தராது. ஜூனிபர் காயின் தரமோ விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுவை மாறாமல் இருக்க வேண்டும். ஆக, ஜின்காரரின் திறமை கொள்முதலிலும் நிறுவையிலும் இருக்கிறது.

விஸ்கியின் கதை வேறு. கலனிலிருந்து இறங்கும்போது அதுவும் தண்ணீர் போலத்தான் இருக்கும். பொன்னிறமும் சுவையின் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாயில்தான் ஏறுகின்றன. பிரிட்டனில் 1915-ல் வந்த சட்டம் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. மறு ஆண்டே அது 3 ஆண்டானது. ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் இன்று 2 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் காத்திருக்கின்றன.

காத்திருப்பதற்குச் சேதாரம் உண்டு. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிறது. 200 லிட்டர் வைத்தால் 12 ஆண்டில் ஏறத்தாழ 157 லிட்டர்தான் மிஞ்சும். பெங்களூர் அம்ருத் நிறுவனம் 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே தன் மால்ட் விஸ்கியை அறிமுகம் செய்தது. பெங்களூர் வெப்பத்தில் சேதாரம் ஆண்டுக்கு 10 சதவிகிதத்தையும் தாண்டுகிறது. ஆனால் சரக்கும் சீக்கிரம் பக்குவப்படுகிறது. விரைவு வேண்டுமென்றால் அதற்கும் ஒரு விலை உண்டு!

கிடங்கில் இருக்கும்வரை பிரிட்டனில் கலால் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்குமா? கூலி நிற்குமா? புதிதாக விஸ்கித் தொழிலில் இறங்கியவருக்கு முதல் 3 ஆண்டும் கல்லாவில் ஒரு காசு விழாது. இந்த இடைவெளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகவே புதிய வடிசாலைக்காரர்கள் பலர் முதலில் ஜின் வடித்து விற்கிறார்கள். அந்த வரவு சம்பளத்தையும் செலவையும் தாங்க, பீப்பாய் நிம்மதியாகப் பழுக்கிறது.

நம் கடைகளிலும் இந்த இரண்டு சரக்கும் உண்டு. அன்றாடம் ஓடும் சோப்பும் சர்க்கரையும் நம் ஜின். பதம் பார்த்து இருப்பு வைக்கும் பழைய அரிசியும் புளியும் நம் விஸ்கி. ஓடும் சரக்கின் லாபத்தில் இருப்பு வைப்பவர் நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கலாம். கடன் வாங்கி இருப்பு வைப்பவரோ, தவணை நாள் வந்ததும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேரும். அடுத்த முறை மொத்தக் கொள்முதலுக்குக் கையெழுத்திடும் முன், அதைத் தாங்கும் அன்றாட வரவு எது என்று பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.