தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

திருநெல்வேலியிலிருந்து வண்டியை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு, அருவி, கடல் மூன்றில் எதற்கும் போய்விடலாம். மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் என்று படித்துறை படித்துறையாகத் தாமிரபரணி. வடமேற்கே குற்றாலம். கிழக்கே திருச்செந்தூர், தெற்கே உவரி. லீவு விட்டதும் வெளியூர்ப் பிள்ளைகள் வண்டி பிடித்து வந்து முதலில் கேட்பது, "எங்கே குளித்தால் பயமில்லை?" என்றுதான். டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

படித்துறை நேற்று இருந்த மாதிரிதான் இன்றைக்கும் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர் அப்படி இருக்காது. அது வேறெங்கோ கிளம்பி இங்கே வருகிறது. கிளம்பிய இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

முதலில் ஆறு. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியின் தண்ணீர் பாபநாசம் அணையில் தேங்குகிறது. அந்த அணையின் முழு உயரம் 143 அடி. மின்சாரம் எடுக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் அங்கே திறந்துவிடும் அளவைப் பொறுத்துத்தான் கீழே ஆறு ஏறுவதும் இறங்குவதும். அம்பாசமுத்திரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே கரண்டைக்கால் தண்ணீர் இடுப்புக்கு வரலாம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இறங்குவதற்கு முன் படித்துறையில் தண்ணீர் தொடாத கடைசிப் படியைப் பார்த்து, அதில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். குளிக்கும்போது அவ்வப்போது அதைத் திரும்பிப் பாருங்கள். கல் நனைந்துவிட்டால் ஆறு ஏறுகிறது என்று அர்த்தம். எல்லோரும் கரையேறிவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, ஓடும் சத்தம் கனப்பது, இவையும் அதே சேதியைத்தான் சொல்கின்றன.

ஆற்றுக்குள் இன்னொரு சங்கதி, கசம். பாறை இடுக்கிலும், மணல் அள்ளிய இடத்திலும், வளைவில் ஓட்டம் அரித்த கரையோரத்திலும் திடீரென்று ஆழம் விழும். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும். இரண்டெட்டு வைத்தால் கால் நிலைக்காது. வரைபடத்தில் கசம் இருக்காது. தினமும் அங்கே துவைப்பவருக்கும் மாடு குளிப்பாட்டுபவருக்கும் தெரியும். "அண்ணாச்சி, இங்க இறங்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போயிராதிய, கசம் கெடக்கு" என்று கை நீட்டிக் காட்டுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கலாம்.

அணைக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஆளுயரம்கூட இல்லாத சுவரைத் தாண்டித் தண்ணீர் வழுவழுப்பாக விழும். பார்க்க அருவி மாதிரி ஆசையாக இருக்கும். விழுந்த தண்ணீர் அடிவரை போய், மேலெழுந்து, மறுபடி சுவரை நோக்கியே உருண்டு திரும்புகிறது. அந்தச் சுருளில் சிக்கியவரை அது அமுக்கித் தூக்கி, திரும்பவும் சுவரடிக்கே கொண்டுவருகிறது. நுரை நிறைந்த தண்ணீரில் உடம்பும் சரியாக மிதக்காது. எவ்வளவு நன்றாக நீந்துபவருக்கும் அங்கே வேலை இல்லை. ஆறு நிறைந்து வழியும் நாளில் சுவரின் மேலும் ஏற வேண்டாம், அடியிலும் நிற்க வேண்டாம்.

அருவிக்கு மேல் இருப்பது மலை. குற்றாலத்தில் தூறல்கூட இல்லாத நேரத்தில் மேலே காட்டில் மழை கொட்டியிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்து, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. சீசன் தொடங்குவதற்கு முன்பே நடந்தது இது. போலீஸ் விசில் அடித்தால் "இன்னும் ஒரு நிமிஷம்" என்று கெஞ்சாதீர்கள்.

கடலில் சேதி வருவது இன்னும் தூரத்திலிருந்து. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல்காற்று கிளப்பிய அலை, பல நாள் பயணம் செய்து, காற்றில்லாத கரையில் ஏறுகிறது. கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலையில் இறந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள்.

சாதாரண நாளிலும் கரைக்கு வந்த அலை திரும்பிப் போக வழி தேடும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், நிறம் கறுத்துத் தெரிந்தால், அதுதான் உள்ளே இழுக்கும் பாதை. அமைதியாக இருக்கிறதே என்று குழந்தையை இறக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

மூழ்குபவர் சத்தம் போடுவார் என்று நம்பி இருக்காதீர்கள். வாய் தண்ணீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. கையும் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். அவரைப் பார்த்ததும் குதிக்காதீர்கள், எதையாவது எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் சேலையைக் கழற்றி வீசி இழுத்துக் காப்பாற்றினார்கள். அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கயிறு, வேட்டி, மூடிய காலி கேன் எதுவானாலும் சரி. கரையேற்றியவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வாயில் மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆற்றுப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டிலேயே அடைத்து வைத்த பிள்ளை, ஒருநாள் நண்பர்களோடு தெரியாமல் போய் இறங்கும். அதற்குப் பதில் நீங்களே கூட்டிப் போங்கள், நீச்சல் கற்றுக்கொடுங்கள், அந்தக் கூழாங்கல்லை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.