பூப்பந்து ஆடுவோரை வாட்டும் முழங்கை வலி: ஊசி போட்டுவிட்டு உடனே திடலுக்குப் போகலாமா?

"டென்னிஸ் எல்போ" என்று மருத்துவர் சொன்னதும், "டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே டாக்டர்" என்பதுதான் பலருடைய முதல் பதில். 1880களில் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் ஆடியவர்களிடம் இந்த வலி அதிகம் பேசப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று இந்த வலியோடு கிளினிக்குக்கு வருபவர்களில் டென்னிஸ் ஆடுபவர்கள் மிகச் சிலரே.

ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே ரயில் பாதையோரம் இருக்கும் லாயாங் லாயாங் போன்ற சிறு பட்டணங்களில், வேலை முடிந்து பலரும் ஆடுவது பூப்பந்துதான். ஆடுபவர் பகலில் சும்மா இருந்தவரும் அல்ல. செம்பனைக் குலை வெட்டியிருப்பார், தொழிற்சாலையில் திருகாணி முடுக்கியிருப்பார், கடையில் சாமான் மூட்டை தூக்கியிருப்பார். பகலில் உழைத்த அதே கைதான் இரவில் மட்டையைப் பிடிக்கிறது. இந்த வலியைப் பற்றி இங்கு பேசும்போது விளையாட்டை மட்டும் பேசினால் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

முழங்கையின் வெளிப்பக்கத்தில் தடவிப் பார்த்தால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளின் நார்கள் அந்த முனையில்தான் வந்து ஒட்டுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு மடங்காமல் நிறுத்தி வைப்பது இந்தத் தசைகளே. மட்டையைப் பிடித்தாலும், நீளக் கம்பில் கட்டிய அரிவாளைப் பிடித்து இழுத்தாலும், பால்மரம் சீவினாலும், ஈரத் துணியைப் பிழிந்தாலும் சுமை விழுவது அந்த ஒரே இடத்தில்தான். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நார் பழையபடி சீக்கிரம் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. அதனால் 35 முதல் 55 வயதுக்குள் இருப்பவர்களிடமே இது அதிகம்.

பலரும் நினைப்பதுபோல் இது வெறும் வீக்கமோ நரம்புப் பிசகோ அல்ல. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில், அந்த நாரின் இழைகள் ஒழுங்கு குலைந்து தரம் தாழ்ந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் போக்கும் புரியும். தைலம் தேய்த்து நீவி விட்டால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், நார் பலப்படாது. வலிக்கும் எலும்பு முனையையே அழுத்தி உருவுவது வலியைக் கூட்டவும் கூடும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வெளிப்பக்க எலும்பில் சுருக்கென்று குத்தினால் சந்தேகம் வலுக்கும். காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும், மோட்டார் சைக்கிளை முறுக்கும்போதும், கதவுக் குமிழைத் திருப்பும்போதும் அதே இடத்தில் வலிப்பது வழக்கம்.

ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் இருந்தாலோ, விழுந்து அடிபட்டபின் கையை நீட்ட முடியாவிட்டாலோ இது வேறு விஷயம். தாமதிக்காமல் காட்ட வேண்டும். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் முழங்கையை மறந்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அடுத்து, பலரும் கேட்கும் ஸ்டீராய்டு ஊசி. போட்ட சில நாள்களில் வலி பறந்துவிடும் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் 198 பேரிடம் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால் அதன் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில் பிசியோதெரபி செய்தவர்களும், சும்மா பொறுத்திருந்தவர்களும்கூட அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். வலி போனதும் "சரியாகிவிட்டது" என்று மறுநாளே குலை வெட்டப் போவதும் அன்றிரவே ஸ்மாஷ் அடிப்பதும்தான் ஆபத்து. நம்மவர்களிடம் அதிகமுள்ள இனிப்புநீர் நோய் இருந்தால், இந்த ஊசி சில நாள்களுக்குச் சர்க்கரை அளவையும் ஏற்றிவிடும். ஊசிக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பூசும் ஜெல் ஓரளவு பாதுகாப்பானது.

பணமும் மருத்துவர்களும் சுற்றி நின்றும் சச்சின் டெண்டுல்கருக்கே இது எளிதில் விடவில்லை. கனமான மட்டைக்குப் பேர்போன அவர், 2004ஆம் ஆண்டில் இந்த வலியால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்ட் ஆட்டங்களைத் தவறவிட்டார். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபரில்தான் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக மீண்டும் இறங்கி 93 ஓட்டங்கள் எடுத்தார். டிசம்பர் 10ஆம் தேதி டில்லியில் 35ஆவது டெஸ்ட் சதத்தை அடித்துக் கவாஸ்கரின் சாதனையைக் கடந்தார். பொழுதுபோக்கிற்கு ஆடுபவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிக அரிது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் கத்தி படாமலேயே குணமாகிறது.

அந்த ஓராண்டைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. கையைத் தொட்டிலில் போட்டு முழு ஓய்வு கொடுத்தால் நார் இன்னும் பலவீனமாகும்; சுமையைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுவதே வழி. முதல் இரண்டு வாரம் முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். மறு கையால் புறங்கையைக் கீழே அழுத்த, வலிக்கும் கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 30 முதல் 45 வினாடி, நான்கைந்து முறை. வலி தணியத் தொடங்கியதும் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மறு கையின் உதவியால் மணிக்கட்டை மேலே தூக்கி, உதவியை எடுத்துவிட்டு, மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாகக் கீழே இறக்குங்கள். 15 முறை, சற்று இளைப்பாறி மீண்டும் 15, மீண்டும் 15. இறக்குவதுதான் மருந்து, தூக்குவது அல்ல. சில வாரங்களில் ஒரு லிட்டர் போத்தலுக்கு மாறலாம்.

செய்யும்போது இலேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் அது தணிந்திருந்தால் அளவு சரி. மறுநாளும் குடைந்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுபவர்களே அதிகம். முழங்கைப் பட்டையை எலும்பின் மேல் அல்ல, அதற்கு இரண்டு விரற்கடை கீழே தசையின் மேல் கட்ட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

மட்டையையும் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிடியில் சுற்றிய நாடா வியர்வையில் ஊறி வழுக்கும். வழுக்க வழுக்க கை தானாக இறுக்கிப் பிடிக்கும். சில வெள்ளி கொடுத்து அதை மாற்றுவது பல மாத்திரைகளுக்குச் சமம். போட்டி ஆட்டக்காரர்களைப் பார்த்து 28 பவுண்டு இழுவையில் ஸ்டிரிங் கட்டியவர்கள் 23, 24க்கு இறங்கலாம். பந்து வரும்வரை பிடி தளர்வாக இருந்து, அடிக்கும் நொடியில் மட்டும் இறுகட்டும். தாமதமாக ஓடிப்போய் மணிக்கட்டை மடக்கி அடிக்கும் பேக்ஹேண்ட்தான் முழங்கைக்கு முதல் எதிரி. திடலுக்குத் திரும்பும்போது முதல் வாரம் வலையருகே மெதுவான ஆட்டம், அரை மணி நேரம் போதும். பிறகு தலைக்கு மேல் அடிகள். பேக்ஹேண்ட் கடைசி. குலை வெட்டிய நாளும் ஆடும் நாளும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் பெற்றுக் குளுவாங் என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கே "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த வேலை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்தக் கருவி, வாரத்தில் எத்தனை இரவு ஆட்டம் என்று முழுமையாகச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தொழிலால் வரும் நோய்களுக்கும் சொக்சோவில் கோரிக்கை வைக்க இடமுண்டு. அந்தக் கோரிக்கையில் பின்னாளில் பேசப்போவது மருத்துவர் முதல் நாளில் அட்டையில் எழுதிய வரிகள்தான்.