குயிலாப்பாளையச் செம்மண்ணும் பிரெஞ்சு இலக்கணமும்: சூழலியல் பேச்சில் வினைமுதல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுற்றுச்சூழல் குறித்துப் பிரெஞ்சு மொழியில் பேசக் கற்கும்போது எதிர்கொள்ளும் சொல், இலக்கணச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகின்றது. பெயர்ச்சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வதைக் காட்டிலும், ‘செய்தவர் யார், செய்ய வேண்டியவர் யார்’ என்பதைச் சுட்டும் இலக்கணக் கூறுகளை அறிவதே இக்கல்வியில் முதன்மையானது என்பது இதன் கருதுகோள். குயிலாப்பாளையத்தின் நிலவரலாறு சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சு, சுற்றுச்சூழல், வினைமுதல், தன்வினை, பிறவினை, உளப்பாட்டுத் தன்மைப்பன்மை.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, செம்மண் மேட்டுநிலத்தில் அமைந்த சிற்றூர் குயிலாப்பாளையம். 1968 பிப்ரவரி 28 அன்று இதன் அருகே ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் இம்மேட்டுநிலம் மரங்களை இழந்து, மழைநீர் அரித்த ஓடைப்பள்ளங்களுடன் காணப்பட்டது. வரப்பிட்டு நீரைத் தேக்குதல், மரம் நடுதல் ஆகிய பணிகளில் வெளிநாட்டிலிருந்து குடியேறியோரும் சுற்றுவட்டார ஊர்மக்களும் ஈடுபட்டனர். இன்று அங்கே காடு உள்ளது.

ஆரோவில்லில் தமிழும் பிரெஞ்சும் அருகருகே வழங்குகின்றன. புதுச்சேரியில் 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளியும், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இன்றும் இயங்குகின்றன. எனவே, ஒரே நிலத்தைப் பற்றி இருமொழிகளில் பேச வேண்டிய தேவை இப்பகுதியில் உண்மையான வாழ்க்கைத் தேவையாகும். இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்கள் ஒலிப்புக்கு இயன்றவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. மூக்கொலி உயிர்கள் ‘ன்’ எனும் ஈற்றால் குறிக்கப்படுகின்றன.

சொல்லாக்கமும் பொருளும்

சுற்றுச்சூழலைக் குறிக்கும் ‘ஆன்விரோன்மான்’ என்னும் சொல், ‘சுற்றிலும்’ என்னும் பொருளுடைய அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழின் ‘சுற்றுச்சூழல்’ என்பதும் அதே கருத்தைக் கொண்டிருப்பதால் இச்சொல் மாணவர்க்கு எளிதில் விளங்கும். ஆயினும் எல்லாச் சொற்களும் இவ்வாறு ஒத்துவருவதில்லை. ‘பசுமை இல்ல விளைவு’ என்பதைப் பிரெஞ்சில் ‘எஃபே த சேர்’ என்பர். ‘சேர்’ என்பது செடிகளை வளர்க்கும் கண்ணாடிக் கூடம். அச்சொல்லில் பசுமையும் இல்லை, இல்லமும் இல்லை. தமிழ்த்தொடர் ஆங்கில வழி வந்தது என்பதை அறியாத மாணவர் ‘பச்சை வீடு’ எனப் பொருள்படும் ‘மேசோன் வேர்த்’ என மொழிபெயர்த்தால் கேட்பவர் பச்சை வண்ணம் பூசிய வீட்டையே எண்ணுவார்.

முன்னொட்டுகளை அறிவதால் சொற்களஞ்சியம் விரைவில் பெருகும். ‘புவா’ என்பது மரத்தையும் சிறு காட்டையும் குறிக்கும். அதிலிருந்து ‘தெபுவாஸ்மான்’ (காடழிப்பு), ‘ரபுவாஸ்மான்’ (மீண்டும் காடாக்குதல்) ஆகியவை பிறக்கின்றன. ‘தெ’ இழப்பையும் ‘ர’ மீட்பையும் உணர்த்துகின்றன. குயிலாப்பாளைய மேட்டுநிலத்தின் வரலாற்றை இவ்விரு சொற்களிலேயே சுருக்கிக் கூறலாம். எனினும், புவி வெப்பமாதலைக் குறிக்கும் ‘ரெஷோஃப்மான்’ என்பதிலுள்ள ‘ரெ’ மீட்பைக் குறிப்பதன்று; அது சூடேறுதலையே குறிக்கும். முன்னொட்டைக் கண்டவுடன் பொருளை முடிவு செய்தல் கூடாது.

கடன்வாங்கல் எதிர்த்திசையிலும் நிகழ்ந்துள்ளது. மண்ணரிப்பைத் தடுக்க நடப்படும் வெட்டிவேரைப் பிரெஞ்சு மொழி ‘வெத்திவேர்’ என்றே வழங்குகின்றது. மாமரத்தைக் குறிக்கும் ‘மாங்கியே’ என்பதன் மூலமும் போர்த்துகீசியம் வழியாகத் தென்னிந்திய மொழிகளையே சேரும். மாறாக, ‘ஏரி’ என்பதற்கு நேர்ச்சொல் இல்லை. ‘எதான்’ என்பது தேங்கிய நீர்நிலையைப் பொதுவாகக் குறிக்கும். கரை, மதகு, கலிங்கு, பாசனம் ஆகியவற்றை உட்கொண்ட ஏரியின் பொருள் அதில் இல்லை. ஆகவே ஏரியைப் பற்றிப் பேசும் தமிழ் மாணவர் சொல்லைச் சொல்லி நிறுத்தாமல், அது பாசனத்திற்கென மக்கள் அமைத்தது என விளக்கத் தொடரையும் சேர்க்கப் பழக வேண்டும்.

பெயர்ச்சொல்லும் பாலும்

தமிழில் பால் பொருளைப் பற்றியது. தொல்காப்பியம் வகுத்த திணைப் பாகுபாட்டின்படி மரம், நீர், காடு யாவும் அஃறிணை. பிரெஞ்சிலோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. அடைமொழியும் அதற்கேற்ப மாறும். வறண்ட மண் ‘ல சொல் செக்’. வறண்ட காடு ‘லா ஃபோரே செஷ்’. மண்ணைக் குறிக்கும் ‘சொல்’ ஆண்பாலாகவும், காட்டைக் குறிக்கும் ‘ஃபோரே’ பெண்பாலாகவும் இருப்பதே இம்மாற்றத்திற்குக் காரணம். சூழலியல் சொற்களுள் ‘மான்’ என முடியும் தொழிற்பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். ‘சியோன்’ என முடிவன (பொலூசியோன், எரோசியோன்) பெரும்பாலும் பெண்பால். இவ்விரு ஈறுகளை நினைவிற்கொள்வதால் பிழைகள் பெரிதும் குறையும்.

தன்வினையும் பிறவினையும்

மண் கரைகிறது, மழை மண்ணைக் கரைக்கிறது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தமிழ் இவ்வேறுபாட்டை வினையின் வடிவிலேயே காட்டுகின்றது. பிரெஞ்சு, ‘ச’ என்னும் தற்சுட்டுப் பெயரை வினைக்கு முன் சேர்த்துத் தன்வினைப் பொருளை உணர்த்துகின்றது. ‘ல சொல் செரோத்’ (மண் கரைகிறது), ‘லா ப்லுயீ எரோத் ல சொல்’ (மழை மண்ணைக் கரைக்கிறது) என்பன இதற்குச் சான்று. ‘சிதைகிறது / சிதைக்கிறது’ என்பதற்கு ‘ச தெக்ராத் / தெக்ராத்’ அமையும். தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு முன்பே தெரிந்தது. ‘ச’ வரும் இடத்தை மட்டும் அவர் கற்றால் போதும். எனினும் எச்சரிக்கை தேவை. ‘காடு சிதைகிறது’ என்னும் தொடரில் சிதைத்தவர் மறைகின்றார். எந்த மொழியில் பேசினும், தன்வினையைத் தேர்வது வினைமுதலைக் கூறாது விடும் தேர்வும் ஆகும்.

எழுவாயற்ற தொடர்கள்

‘மரங்களை வெட்டிவிட்டார்கள்’ என்பதில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. வினைமுற்றின் விகுதி யாரோ சிலரைச் சுட்டுகின்றது. இதற்குப் பிரெஞ்சில் ‘ஓன்’ என்னும் பொதுப்பெயர் பயன்படும்: ‘ஓன்னா கூப்பே லேஸார்ப்ர்’. ஆயின், பேச்சு வழக்கில் அதே ‘ஓன்’ தன்மைப் பன்மைப் பொருளிலும் வரும். எனவே இத்தொடர் ‘யாரோ வெட்டினர்’ எனவும், ‘வெட்டினோம்’ எனவும் பொருள்படலாம். பொறுப்பேற்கும் கூற்றும் பழிகூறும் கூற்றும் ஒரே வடிவில் நிற்கும் இடம் இது. சூழல் நோக்கியே பொருள் துணியப்படும். வெட்டியவர் யார் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டின், செயப்பாட்டுவினையுடன், தமிழின் ‘ஆல்’ உருபை ஒத்த ‘பார்’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துக் கூறலாம்.

கடமையைக் கூறும் தொடர்கள் இன்னும் நெருங்கிய ஒப்புமை உடையன. ‘காட்டைக் காக்க வேண்டும்’ என்பதற்கு ‘இல் ஃபோ ப்ரொதெஜே லா ஃபோரே’ எனலாம். இரு மொழியிலும் காப்பவர் குறிக்கப்படவில்லை. ‘நாம்’ எனும் எழுவாயைச் சேர்த்தால் தமிழில் வினை மாறுவதில்லை. பிரெஞ்சிலோ தொடரமைப்பே மாறும்: ‘இல் ஃபோ க நூ ப்ரொதெஜியோன் லா ஃபோரே’. இங்கு வரும் ‘சுப்ஜோன்க்தீஃப்’ வினைவடிவத்தைக் கடினமெனக் கருதித் தவிர்க்கும் மாணவர், கடமைக்கு உரியவரைச் சொல்லும் வாய்ப்பையும் இழக்கின்றார்.

நாமும் நாங்களும்

கேட்போரையும் சேர்க்கும் ‘நாம்’, கேட்போரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. பிரெஞ்சின் ‘நூ’ இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. ‘நூஸாவோன் ப்லான்தே சேஸார்ப்ர்’ என ஒருவர் கூறினால், ‘இம்மரங்களை நாம் நட்டோம்’ என்பதா, ‘நாங்கள் நட்டோம்’ என்பதா? பலர் உழைப்பால் காடு மீண்ட ஓர் ஊரில் இவ்வினா வெறும் இலக்கண வினா ஆகாது. குழி தோண்டியவரும் நீர் ஊற்றியவரும் அந்த ‘நூ’வில் அடங்குவரா என்பதை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தாக வேண்டும். பிரெஞ்சுக் கூற்றைத் தமிழாக்குவோர் பேசியவரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. பிரெஞ்சில் பேசும் தமிழர், ‘ஊர்மக்களும் குடியேறியோரும் சேர்ந்து’ எனப் பெயர் சுட்டிக் கூறினால் ஐயம் நீங்கும்.

முடிவுரை

சூழலியல் பிரெஞ்சைக் கற்பிக்கும் பாடங்கள் பெரும்பாலும் சொற்பட்டியலில் தொடங்குகின்றன. தமிழ் மாணவர்க்குத் தன்வினை–பிறவினை வேறுபாடு, எழுவாயற்ற தொடர், ‘வேண்டும்’ என்னும் கடமைத்தொடர், நாம்–நாங்கள் வேறுபாடு ஆகிய நான்கையும் முதலில் ஒப்பிட்டுக் கற்பித்தால், தாய்மொழி இலக்கண அறிவே அயல்மொழிக் கல்விக்கு அடித்தளமாகும். அவ்வடித்தளத்தின் மேல் ஏரி, மேட்டுநிலம், வெட்டிவேர் எனத் தம் ஊரின் பொருள்களைக் கொண்டு தொடர்களை அமைக்கும் மாணவர், மண் கரைகிறது என்பதோடு நிறுத்தாமல், கரைத்தது எது, காத்தவர் யார், இனிக் காக்க வேண்டியவர் யார் என்பனவற்றையும் பிழையின்றிக் கூறுவார்.